எடை குறைந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடுமா?

2024 ஜனவரி 14, கேள்வி

எனக்கு வயது 34. எடை குறைப்புக்காக மார்ச்சில் பைபாஸ் அறுவை சிகிச்சை. தேடிப் பார்த்தால் எல்லோரும் முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் காட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கப்புறம் அன்றாடம் எப்படிப் போகிறது என்று சொல்பவர்கள் குறைவு. எடை குறைந்துவிட்டால் மூட்டு வலி, தூக்கம், மனசு, குடும்பம் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பதுதான் என் நம்பிக்கை. செய்துகொண்டவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

2024 ஜனவரி 14, இரவு

தம்பி, நான் 2021 ஆகஸ்டில் செய்துகொண்டேன். உங்களுக்குச் செய்யப்போகும் அதே ரூ-என்-ஒய் பைபாஸ், வயிற்றைச் சின்னதாக்கிக் குடலை அதோடு மாற்றி இணைக்கும் முறை. அன்று 127 கிலோ, இப்போது 79. வயது 43, வகுப்பில் நின்று பாடம் நடத்தும் வேலை.

நீங்கள் எழுதியதில் "தானாக" என்ற ஒரு சொல்லைத் தவிர மற்றதை ஒப்புக்கொள்கிறேன்.

சில விஷயங்கள் நிஜமாகவே தானாக வந்தன. சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தேன், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும்போதே நிறுத்திவிட்டார்கள். எடை குறைய ஆரம்பிப்பதற்கு முன்பே சர்க்கரை இறங்குவது உண்டு, சாப்பாடு போகும் வழி மாறியதும் குடலில் சுரக்கும் ஹார்மோன்களும் மாறுகின்றன என்று சர்ஜன் விளக்கினார். ஆறு மாதத்தில் முழங்கால் வலி பாதிக்கு மேல் போய்விட்டது. தூக்கத்தில் மூச்சுத் தடைபடாமலிருக்க இரவில் முகமூடி போட்டுத் தூங்கும் அந்த சிபாப் கருவியைப் பதினொன்றாம் மாதம் விட்டேன் (நானாக விடவில்லை, மறுபடி தூக்கப் பரிசோதனை செய்து மருத்துவர் சொன்ன பிறகு. நீங்களும் அப்படியே செய்யுங்கள், குறட்டை நின்றுவிட்டது என்பது மட்டும் போதாது). இதெல்லாம் உடம்பு தரும் பரிசு.

மனசும் குடும்பமும் அந்தக் கணக்கில் வராது. அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

2024 ஜனவரி 15

வாழ்க்கைத் தரம் என்று மருத்துவர்கள் ஒரு படிவம் கொடுப்பார்கள். மாடி ஏற முடிகிறதா, குனிய முடிகிறதா, வலி எவ்வளவு, சோர்வு எவ்வளவு, இப்படி. நான் நிரப்பியிருக்கிறேன். எனக்கு முக்கியமாகப்பட்ட எதுவுமே அதில் இல்லை.

கைப்பிடி வைத்த நாற்காலியைப் பார்த்ததும் உள்ளே நுழைவதற்கு முன்பே கணக்குப் போடுவது நின்றது. விமானத்தில் இடுப்புப் பட்டைக்கு நீட்டிப்புப் பட்டை கேட்க வேண்டியிருக்குமே என்று பயணத்தையே தள்ளிப்போட்டவள் நான், அந்தப் பயம் போனது. கால் மேல் கால் போட்டு உட்கார முடிந்த நாளில் யாரிடமும் சொல்லாமல் அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என் மகள் சொன்னதை மறக்கவே முடியாது. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "அம்மா, நீ இப்பல்லாம் கீழேயிருந்து கூப்பிடறதே இல்ல, மேல வந்துடற." எனக்கே தெரியாது. எத்தனை வருடமாக மாடிப்படியின் அடியில் நின்று அவள் பெயரைக் கத்திக்கொண்டிருந்தேன்! அவள் அறையில் என்ன மாட்டியிருக்கிறாள், மேசை எப்படி இருக்கிறது என்பதே எனக்கு மங்கலாகத்தான் தெரிந்திருந்தது. இதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

2024 ஜனவரி 16

ஒரு திருத்தம். முதல் குறிப்பில் 79 கிலோ என்று எழுதினேன். அது போன வருடம் பிப்ரவரியில், பதினெட்டாவது மாதத்தில் இருந்த எடை. இன்று காலை 86.

உங்களுக்கு உண்மை வேண்டும் என்று கேட்டீர்கள், நான் எடுத்த எடுப்பிலேயே பழைய எண்ணைச் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக உறுத்துகிறது. ஏழு கிலோ திரும்ப ஏறியதை என் கணவரிடம்கூட இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அறுவை சிகிச்சைக்கு முன்னால் 127 என்று சொல்ல வராத வெட்கம் இந்த ஏழுக்கு வருகிறது. அன்று நோய் என்று சொல்லிக்கொள்ளலாம், இன்று "இவ்வளவு செய்தும் காப்பாற்றத் தெரியவில்லையே" என்று ஆகிவிடுமோ என்ற பயம்.

2024 ஜனவரி 20

ஏழு கிலோ உறுத்தலில் மறுபடி தேடிப் படித்தேன். சுவீடனில் 1987-ல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது, எஸ்.ஓ.எஸ் என்பார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பைபாஸ் செய்தவர்களுக்குச் சராசரியாக முதல் ஒன்றிரண்டு வருடத்தில் உடல் எடையில் 32 சதவீதம் குறைந்திருந்தது, பத்தாவது வருடத்தில் பார்த்தால் 25 சதவீதம். அதாவது நடுவில் கொஞ்சம் ஏறுவது பெரும்பாலோருக்கு நடப்பது. என் கணக்கில் போட்டால் 127-ல் 25 சதவீதம் குறைந்து 95 கிலோ வரும். நான் 86-ல் இருந்துகொண்டு ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

வாழ்க்கைத் தரத்தையும் அவர்கள் பத்து வருடம் அளந்திருக்கிறார்கள். முதல் வருடம் உச்சம், அப்புறம் ஆறாவது வருடம் வரை மெல்ல இறங்குகிறது, பிறகு பத்து வருடம் வரை ஏறக்குறைய அதே நிலையில் நிற்கிறது. நின்ற இடம் ஆரம்பத்தைவிட மேல்தான். எனக்கு ஆறுதல் தந்த இன்னொரு முடிவு: பத்து சதவீதக் குறைப்பைத் தக்கவைத்தாலே நீண்ட காலத்துக்கு வாழ்க்கைத் தரத்தில் நல்ல பலன் இருந்திருக்கிறது. கவலை, பதற்றம் போன்றவற்றில் மட்டும் இரண்டு கூட்டத்தாருக்கும் பத்தாம் வருடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் "தானாக" இடறும் இடம் அதுதான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும், அந்த ஆய்வில் பைபாஸ் செய்தவர்கள் சிறுபான்மை, பெரும்பாலோருக்கு இன்று அவ்வளவாகச் செய்யாத பழைய முறைகள். அதனால் எண்ணை அப்படியே உங்களுக்குப் பொருத்தாதீர்கள். முதலில் உச்சம், பிறகு கொஞ்சம் இறக்கம், பிறகு நிலை என்ற அந்தப் போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருடத்தின் உற்சாகம் குறையும்போது ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று நினைக்கத் தோன்றும். நான் நினைத்தேன்.

2024 பிப்ரவரி 2

சாப்பாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். பைபாஸில் விட்டுவைக்கும் வயிறு சுமார் 30 மில்லி, ஒரு சின்ன மருந்துக் குப்பி அளவு. நாளாக நாளாகக் கொஞ்சம் இடம் கொடுக்கும், ஆனாலும் பழைய மாதிரி சாப்பிட வராது. முதலில் புரதம், நாளுக்குக் குறைந்தது 60 கிராம். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது, முடித்து அரை மணி கழித்துத்தான். வேகமாக விழுங்கினால் நெஞ்சுக்குக் கீழே கல் மாதிரி நிற்கும், வாயில் நுரைநுரையாக எச்சில் ஊறும், எழுந்து ஓட வேண்டியதுதான். பிரதி வெள்ளிக்கிழமை ஆசிரியர்கள் சேர்ந்து சாப்பிடும் மேசையிலிருந்து இரண்டு முறை அப்படி எழுந்து ஓடினேன். அதற்கப்புறம் குழந்தைகளுக்கான சின்னக் கரண்டி ஒன்றைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

யாரும் எச்சரிக்காத விஷயம், துக்கம். ஆம், துக்கம்தான். இருபது வருடமாக வேலை முடிந்து வந்ததும் சாப்பாடுதான் எனக்குப் பேச்சுத்துணை. கோபம், சலிப்பு, மகிழ்ச்சி எல்லாவற்றையும் அதனிடம்தான் கொட்டினேன். ஒரே காலையில் அந்தத் துணை போய்விட்டது. மூன்றாவது மாதம், ஆறு வாய் சாப்பிட்டு முடித்துவிட்டு மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அழுதேன். பசி இல்லை. ஆசைகூட இல்லை. மாலை ஆறு மணிக்கு எங்கே போவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

மார்ச்சுக்கு முன்னால் அந்த ஆறு மணிக்கு ஒரு வேலை தேடி வையுங்கள் தம்பி. எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. நான் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன், மகளோடு சேர்ந்து நீச்சல் கற்றுக்கொள்ளப் போனேன்.

2024 பிப்ரவரி 4

டம்பிங், அதாவது சாப்பிட்டது சட்டென்று குடலில் இறங்குவதால் வரும் அவஸ்தை பற்றி ஒருவர் கேட்டார், "இனிப்பு சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் கழித்து வரும்" என்று நான் பொதுப்படையாகப் பதில் சொல்லிவிட்டேன். அது பாதிதான். இரண்டு வகை உண்டு. முதலாவது சாப்பிட்ட பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் வருவது: இனிப்பு சட்டென்று சிறுகுடலில் இறங்கி, உடம்பிலிருந்து நீரை இழுக்கும், நெஞ்சு படபடக்கும், வயிறு பிசையும், வயிற்றுப்போக்கு. இரண்டாவது ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து: சர்க்கரை மளமளவென்று ஏறியதால் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்குவது.

எனக்கு வந்தது இரண்டாவது. பதினான்காவது மாதம், மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒரு பிரிவு உபசாரத்தில் ஒரு டம்ளர் பழச்சாறு குடித்தேன். இரண்டு மணி நேரத்தில், பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே வியர்த்துக் கொட்டியது, கரும்பலகையில் எழுதுவது எனக்கே புரியவில்லை. ஒரு மாணவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அளந்து பார்த்தால் சர்க்கரை வெறும் 48. அன்றுமுதல் பழச்சாறு தொடுவதில்லை, வேளை தவறுவதில்லை. உங்களுக்கு அப்படி வந்தால் "இதெல்லாம் சகஜம்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வண்டி ஓட்டும்போது வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

2024 பிப்ரவரி 18

மாத்திரை. இதைப் பெரிதாக எழுதப் பிடிக்கவில்லை, ஆனால் எழுத வேண்டும், ஏனென்றால் நான் தவறு செய்த இடம் இது.

பைபாஸுக்குப் பிறகு பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, மல்டிவைட்டமின் எல்லாம் வாழ்நாள் முழுக்க. காலையில் ஒரே வாயில் எல்லாவற்றையும் போட்டு விழுங்கிக்கொண்டிருந்தேன், ஒரு வருடத்துக்கு மேல். இரும்பும் கால்சியமும் ஒன்றாகப் போனால் உடம்பு இரும்பைச் சரியாக உறிஞ்சாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இது எனக்குக் கொடுத்த தாளிலேயே இருந்திருக்கிறது. படித்ததும் நினைவில்லை. உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டத்துக்குப் போய், மாடி ஏறினால் மறுபடி மூச்சு வாங்கியது, "எடை ஏறுகிறது, அதனால்தான்" என்று நானே முடிவு செய்துகொண்டு ஐந்து மாதம் பரிசோதனைக்குப் போகவில்லை. கால்சியத்திலும் சிட்ரேட் வகை நமக்கு நல்லது, கார்பனேட் கரைய அமிலம் தேவை, நமக்கு அது குறைவு.

இன்னொன்று. பல் வலிக்குப் போனேன், "பைபாஸ் ஆகியிருக்கிறது" என்றேன், பல் மருத்துவர் இதய பைபாஸ் என்று எடுத்துக்கொண்டு இப்யூபுரூஃபன் எழுதிக் கொடுத்தார். நமக்கு அந்த வகை வலி மாத்திரைகள் ஆகாது, வயிற்றையும் குடலையும் இணைத்த இடத்தில் புண் வரும். மருந்துக்கடை வாசலில் நின்று தாளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது, திரும்பிப் போய் மாற்றி வாங்கினேன். "வயிற்று பைபாஸ்" என்று முழுசாகச் சொல்லுங்கள், எங்கே போனாலும். சிகரெட் பழக்கம் இருந்தால் அதுவும் அதே புண்ணுக்கு வழி.

2024 மார்ச் 10

நாளை மறுநாள் அறுவை சிகிச்சை என்று எழுதியிருந்தீர்கள். பயமாக இருக்கும். எனக்கும் இருந்தது.

மனிதர்களைப் பற்றி இன்னும் எழுதவில்லை, அதை இன்றே எழுதிவிடுகிறேன். நாற்பது கிலோ குறைந்ததும் எல்லோரும் அன்பாகிவிட்டார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தில் நான் பேசினால் கேட்டார்கள். பன்னிரண்டு வருடமாக ஒரே அறையில் வேலை பார்த்தவர் முதல்முறையாக என் கருத்தைக் கேட்டார். சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்குக் கோபம் வந்தது. அந்த 127 கிலோவுக்குள்ளும் நான்தான் இருந்தேன், அதே கருத்துகளோடு. அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, போக வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

வீட்டில் வேறு மாதிரி. என் கணவர் நல்லவர். ஆனால் இருபது வருடமாக எனக்காக எல்லாம் எடுத்துக்கொடுத்தவர், கடைக்குப் போனவர், வெளியே யாரிடமும் நான் பேச வேண்டியதே இல்லாமல் பார்த்துக்கொண்டவர். நான் எல்லாவற்றையும் செய்ய ஆரம்பித்ததும் அவருக்குக் கை வெறுமையாகிவிட்டது. "உனக்கு இனிமேல் நான் எதுக்கு" என்று ஒரு நாள் கேட்டார், கோபமாக இல்லை, சாதாரணமாக. அந்தச் சாதாரணம்தான் பயமுறுத்தியது. நான் சொன்ன அதே சுவீடன் ஆய்வில் இதையும் பார்த்திருக்கிறார்கள்: துணையோடு இருந்தவர்களில் பிரிவு அதிகம், தனியாக இருந்தவர்களில் புதிய உறவும் திருமணமும் அதிகம். இரண்டுமே எனக்குப் புரிகிறது. நாங்கள் பிரியவில்லை. ஒரு வருடம் நிறையப் பேசினோம், பாதி சண்டை.

போய்வாருங்கள். எழுந்ததும் நடங்கள்.

2024 மார்ச் 21

நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. தண்ணீரை மடக்கு மடக்காக, நாள் முழுக்க. எடை பார்ப்பது வாரம் ஒருமுறை போதும். வாந்தி இரண்டு மூன்று நாளாக நிற்காவிட்டால் காத்திருக்காதீர்கள், வைட்டமின் பி1 குறைந்தால் மூளை நரம்பு பாதிக்கும், அது அவசரம்.

2024 ஜூலை 7

முடி கொட்டுகிறது என்று பதறியிருக்கிறீர்கள். நான்காவது மாதம், சரியாக அந்த நேரம்தான். பெரிய அறுவை சிகிச்சையும் வேகமான எடைக் குறைப்பும் உடம்புக்கு அதிர்ச்சி, முடி வேர்கள் ஒன்றாக ஓய்வுக்குப் போய்விடும். எனக்கு எட்டாவது மாதம் நின்றது, வருடம் திரும்புவதற்குள் நெற்றியோரம் குட்டை முடியாக முளைத்தது. புரதமும் இரும்பும் குறையாமல் பாருங்கள்.

கூடவே வரும் மற்ற இரண்டும்: எப்போதும் குளிர்வது, கடினமான பெஞ்சில் உட்கார்ந்தால் எலும்பு குத்துவது. நானும் ஒரு மெத்தையைப் பள்ளிக்கு எடுத்துப் போனேன்.

2024 செப்டம்பர் 15

தோல் பற்றி. தொங்கும். கை, வயிறு, தொடை. மடிப்புக்குள் ஈரம் தங்கி, கோடையில் புண் வரும், துடைத்துக் காயவைத்துப் பொடி போடுவேன். அதை வெட்டி எடுக்கலாம், ஆனால் எடை ஒரு நிலைக்கு வந்த பிறகு. நான் இன்னும் செய்துகொள்ளவில்லை. ஆடையில்லாமல் கண்ணாடி முன் நிற்க 127 கிலோவில் இருந்ததைவிட இன்று அதிகம் தயங்குகிறேன் என்பதை யாரிடமாவது சொன்னால் நம்புவதில்லை. நீங்கள் நம்புவீர்கள்.

ஜூலையில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி மனதில் நிற்கிறது: "நண்பர்களோடு ஒரு கிளாஸ், சட்டென்று ஏறிவிட்டது." அதை அன்றே கேட்டிருக்க வேண்டும், முடியைப் பற்றி எழுதிவிட்டு விட்டுவிட்டேன். பைபாஸுக்குப் பிறகு மது சீக்கிரம் ரத்தத்தில் ஏறும், உச்சமும் அதிகம். 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முந்தைய வருடம் 7.6 சதவீதம் பேருக்கு மதுப் பிரச்சினை இருந்தது, முதல் வருடம் கூடவில்லை, இரண்டாவது வருடத்தில் 9.6 ஆனது. சாப்பாட்டிடம் கொட்டியதை வேறெங்கோ கொட்டத் தேடும் காலம் அது. எங்கள் குழுவில் ஒருவருக்கு அப்படி ஆனது, அதுவரை குடித்தே பழக்கமில்லாதவர்.

கனடாவின் ஒண்டாரியோவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தபோது, தனக்குத்தானே தீங்கு செய்துகொண்டு அவசர சிகிச்சைக்கு வருவது அறுவை சிகிச்சைக்கு முந்தைய மூன்று வருடத்தைவிடப் பிந்தைய மூன்று வருடத்தில் சுமார் ஒன்றரை மடங்கு. மொத்தத்தில் சிலருக்குத்தான், பெரும்பாலோருக்கு ஏற்கெனவே மனநலச் சிகிச்சை தேவைப்பட்டிருந்தது. உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. மனசு கனத்தால் "இப்போதுதான் எல்லாம் நன்றாக இருக்கிறதே, இதைப் போய்ச் சொல்வதா" என்று அடக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், எனக்கும் எழுதுங்கள்.

2024 செப்டம்பர் 17

நீங்கள் எழுதியதைப் படித்தேன். குடிப்பதை நிறுத்தியதற்கும் மருத்துவரிடம் பேசியதற்கும் நன்றி. வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

2025 ஜனவரி 26

ஒரு வருடம் முன்னால் நான் சொன்னதைத் திருப்பிப் படித்தேன். "உடம்பு தரும் பரிசு" என்று ஒரு பக்கம், மனசு குடும்பம் என்று இன்னொரு பக்கம், கத்தியால் வெட்டியது போலப் பிரித்திருக்கிறேன். இப்போது அப்படி எழுத மாட்டேன். ஃபெரிட்டின் இறங்கியபோது நான் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன், மனசு என்று நினைத்தது பாதி ரத்தம். வெட்கத்தில் பரிசோதனைக்குப் போகாமல் இருந்தபோது உடம்பு கெட்டது.

உண்மையில் என் குறை இதுதான்: முதல் வருடம் மாதாமாதம் கூப்பிட்டுப் பார்த்தார்கள், கைதட்டினார்கள். இரண்டாவது வருடத்திலிருந்து நாமாகத் தேதி வாங்கினால்தான் உண்டு. எடை ஏற ஆரம்பிக்கும், உற்சாகம் வடியும், பழைய சர்க்கரைகூடச் சிலருக்குத் திரும்பும் நேரம் அது. கைதட்ட ஒன்றுமில்லாத அந்த நேரத்தில்தான் ஆள் வேண்டும்.

போன வாரம் பதினான்கு மாதம் கழித்துப் போனேன். 87 கிலோ. எடை மேடையில் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டேன். உணவு ஆலோசகர் எண்ணைக் குறித்துக்கொண்டு, "முதலில் இரும்பு என்ன நேரம், கால்சியம் என்ன நேரம் சொல்லுங்கள்" என்றார். திட்டவே இல்லை. ஃபெரிட்டின் ஏறியிருக்கிறது, பி12 சரி, வைட்டமின் டி மட்டும் குறைவு, அளவைக் கூட்டியிருக்கிறார்கள். என் கணவர் வெளியே காத்திருந்தார், 87 என்று அவரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். எத்தனை நாளாகத் தெரியுமாம், கேட்கவில்லை.

அடுத்த தேதி ஜூலை 14, அங்கேயே வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். உங்களுக்கு மார்ச்சோடு ஒரு வருடம் முடிகிறது. அதற்கடுத்த தேதி வாங்கிவிட்டீர்களா? வாங்கியதும் எழுதுங்கள், முதல் நாள் ஞாபகப்படுத்துகிறேன்.